எஞ்சின் கத்தியது, வள்ளம் நகரவில்லை

இத்தாலியின் பலெர்மோவில் நான் வீட்டு வேலை செய்யும் அம்மாவை, இங்குள்ள வழக்கப்படி, சிஞ்ஞோரா என்று அழைப்பேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. பள்ளியில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். போர்கோ வெக்கியோப் பகுதியில் அவருடைய வீட்டைப் பதினோரு வருடமாக நான்தான் கூட்டித் துடைக்கிறேன். அவருடைய கணவர் இறந்தபோது விட்டுப்போன ஐந்து மீற்றர் வள்ளம் ஒன்று காலா துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. விற்றுவிடுங்கள் என்று மிலானோவில் இருக்கும் மகன் கிழமைக்கு ஒருமுறை சொல்வார். சிஞ்ஞோரா மாட்டேன் என்பார். அவருடைய முழங்காலுக்கு நடை ஒத்துவராது, நீச்சல் ஒத்துவரும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் இருவரும் வள்ளத்தில் அத்தாவுராக் கடற்கரைப் பக்கம் போவோம். அவர் நீந்துவார். நான் வள்ளத்தைக் காவல் காப்பேன்.

முதல் வருடம் வள்ளத்தைக் கழுவினேன். பிறகு கயிறு கட்டப் பழகினேன். அதற்குப் பிறகு எஞ்சினின் சத்தம் காதில் விழத் தொடங்கியது. வேலைக்குப் போகும் வீடுகளில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுற்றுவதைக் கேட்டே அதன் பெல்ட் தேய்ந்துவிட்டதென்று சொல்லுகிறவள் நான். அந்தக் காதுதான் இதற்கும்.

அந்த வசந்த காலம் முழுக்க எஞ்சினில் ஒரு பிசகு இருந்தது. வேகத்தைச் சட்டென்று கூட்டினால் ஒரு கணம் சத்தம் மேலே ஏறும், வள்ளம் அந்த அளவுக்கு முன்னே போகாது. சிஞ்ஞோராவிடம் சொன்னேன்.

"காற்றாக இருக்கும்" என்றார்.

அது காற்று இல்லை என்று மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. காலாவை விட்டு வெளியே வந்து, பெரிய கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையும் வழியைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தோம். நேப்பிள்ஸிலிருந்து வரும் கப்பல் தூரத்தில் வெள்ளைச் சுவர் மாதிரித் தெரிந்தது. சீக்கிரம் கடந்துவிடலாம் என்று சிஞ்ஞோரா வேகப் பிடியை முழுக்கத் தள்ளினார். எஞ்சின் கத்தியது. சுற்றுகளைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குள் போய் நின்றது. வள்ளமோ நின்ற இடத்தில் ஆடியது. அவர் இன்னும் தள்ளினார். சத்தம்தான் கூடியது.

நான் அவருடைய கையின் மேல் என் கையை வைத்துப் பிடியைப் பின்னால் இழுத்தேன். பதினோரு வருடத்தில் அவரிடம் கேட்காமல் அவருடைய கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன செய்கிறாய்? கப்பல் வருகிறது!"

"மெல்லப் போனால்தான் போகும், சிஞ்ஞோரா. வேகம் வைத்தால் சும்மா சுற்றுகிறது."

கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில் வைத்தேன். வள்ளம் நகர்ந்தது. அந்த வேகத்தைக் கொஞ்சமும் கூட்டாமல் கப்பலின் வழியை விட்டு விலகி, அதே வேகத்தில் காலாவுக்குத் திரும்பினோம். கரையில் கயிற்றைக் கட்டிய பிறகு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று சிஞ்ஞோரா கேட்டார். என் காதைத் தொட்டுக் காட்டினேன்.

அடுத்த புதன்கிழமை துறையில் இருந்த மெக்கானிக் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். எஞ்சினை முடுக்கிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கியர்ப் பெட்டி போய்விட்டது. முழுக்கக் கழற்ற வேண்டும். இந்தக் கோடைக்கு மறந்துவிடுங்கள்" என்றார். சிஞ்ஞோராவின் முகம் விழுந்துவிட்டது. மகன் இதைக் கேட்டால் வள்ளம் அடுத்த மாதம் வேறு யாருடையதோ ஆகிவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வருகிற ஞாயிறு வரைக்கும் பொறுங்கள்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. சொல்லிவிட்டேன்.

வள்ளத்துப் பெட்டிக்குள் கிடந்த எஞ்சின் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் கணவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். மேசையில் புத்தகத்தைக் கண்டதும் சிரித்தார்.

"இஞ்சேரும், உமக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? மெக்கானிக் சொல்லிப்போட்டான் எல்லே?"

"அவன் சத்தத்தைத்தான் கேட்டவன். நான் மூண்டு மாசமாக் கேட்டனான்."

"இத்தாலியன் புத்தகம் விளங்குதோ?"

"சவர்க்காரப் பெட்டியிலை இருக்கிறதை வாசிச்சுத்தானே நான் இத்தாலியன் படிச்சனான். இதுவும் விளங்கும்."

விளங்கியது, இரண்டு நாளில். எஞ்சினின் அடியில் தண்ணீருக்குள் சுழலும் விசிறியை இங்கே எலிக்கா என்பார்கள். அது எஞ்சின் தண்டின் மேல் நேராக இறுகி இருப்பதில்லை. நடுவில் ஓர் உலோகக் குழல், அதைச் சுற்றி இறுக்கமான றப்பர், அதற்கு வெளியே விசிறியின் நடுப்பகுதியான குடமும் அதன் அலகுகளும். விசிறி கல்லில் அடிபட்டால் றப்பர் வழுக்கிக் கொடுத்துக் கியரைக் காப்பாற்றும். றப்பர் பழசாகிவிட்டால் அடிபடாமலே வழுக்கும். மெல்லப் போனால் பிடிக்கும், வேகம் கூட்டினால் விட்டுவிடும். எங்கள் வள்ளம் செய்தது அதேதான்.

சனிக்கிழமை சிஞ்ஞோராவுடன் போய் எஞ்சினைத் தூக்கிப் பார்த்தேன். தண்டில் தூண்டில் நூலோ பிளாஸ்ரிக் பையோ சுற்றியிருக்கவில்லை. அலகுகள் வளைந்திருக்கவில்லை. எஞ்சினை மேலே தூக்கிப் பூட்டியிருந்தால் விசிறி காற்றை இழுத்து வீணாகச் சுற்றுமாம். அதுவும் இல்லை, சரியான ஆழத்தில்தான் இருந்தது. மிச்சம் றப்பர், இல்லாவிட்டால் கியர்ப் பெட்டி.

"எப்படி நிரூபிப்பாய்?" என்று சிஞ்ஞோரா கேட்டார். வகுப்பில் நிற்கிற குரல் அது.

என் கைப்பையில் சிவப்பு நகப்பூச்சு இருந்தது. விசிறியை இறுக்கும் நட்டிலிருந்து றப்பரைக் கடந்து வெளிக் குடம் வரை ஒரே நேர்கோடு இழுத்தேன். "கியரில் பிழை என்றால் நட்டும் குடமும் ஒன்றாகத்தான் சுற்றும், கோடு நேராக இருக்கும். றப்பர் வழுக்கினால் கோடு முறிந்துவிடும்."

சிஞ்ஞோரா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைத்தான் நான் நாற்பது வருடம் பிள்ளைகளிடம் கேட்டேன்" என்றார்.

ஞாயிறு காலை என் கணவரும் வந்தார். "ரெண்டு பொம்பிளையளும் தனியப் போய் மாட்டுப்படக் கூடாது" என்று காரணம் சொன்னார். ஆனால் வள்ளத்தில் ஏறியதும் பாதுகாப்பு அங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தவர் அவர்தான். கப்பல் வழிக்குப் போகாமல், காலாவின் வாய்க்குச் சற்று வெளியே நின்றோம். சிஞ்ஞோரா வேகத்தைக் கூட்டினார். எஞ்சின் கத்தியது. உடனே குறைத்தார். மெல்லத் திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தித் தண்ணீருக்கு மேலே தூக்கினோம்.

முதலில் கண்டவர் என் கணவர். "இஞ்சேரும்! கோடு முறிஞ்சு போச்சு! ஒரு துண்டு இஞ்சை, மற்றது அங்கை!"

நட்டில் இருந்த சிவப்பும் குடத்தில் இருந்த சிவப்பும் கால் வட்டம் விலகி நின்றன. என் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளைப் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினோம். குனிந்து கோட்டை விரலால் தடவினார். பிறகு எழும்பி, சிஞ்ஞோராவிடம் அல்ல, என்னிடம் சொன்னார்: "நான் அவசரப்பட்டேன். நீ சொன்னது சரி."

அவ்வளவில் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் துள்ளிவிட்டேன். சிஞ்ஞோராவின் நிலவறையில் துணி சுற்றிய பழைய எலிக்கா ஒன்று கிடந்தது எனக்குத் தெரியும். தூசி தட்டியவள் நானல்லவா. அதைக் கொண்டுவந்து, மெக்கானிக் பக்கத்தில் நிற்க, நானே மாட்டினேன். வள்ளம் பாய்ந்தது. ஆனால் முழு வேகத்தில் முள் மறுபடியும் சிவப்பைத் தொட்டது. என் முகம் சுட்டது.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "வழுக்கவில்லை. குடத்தில் அடித்திருக்கும் எண்ணைப் பார்" என்றார். பழுதானதில் பதின்மூன்று, இதில் பதினொன்று. ஒரு சுற்றில் விசிறி எவ்வளவு தூரம் தள்ளும் என்ற கணக்கு அது. குறைவாகத் தள்ளுவதால் எஞ்சின் கூடுதலாகச் சுற்றுகிறது. பழுதானதற்குப் புது றப்பர் போட்டு வரும் வரைக்கும் முழு வேகம் வைக்காமல் ஓட்டினோம். அந்த எண்ணை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். இப்போது எந்த எலிக்காவைக் கண்டாலும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஜூன் முடிவில் பதின்மூன்று திரும்பி வந்தது. அந்த வெள்ளிக்கிழமை அத்தாவுராவுக்குப் போகும்போது சுக்கானை என்னிடம் விட்டார் சிஞ்ஞோரா. முழு வேகம் வைத்தேன். முள் புத்தகத்தில் சொல்லியிருந்த இடத்தில் நின்றது, வள்ளத்தின் மூக்கு எழும்பியது. மகனின் அழைப்பு வந்தது. காற்றுச் சத்தத்தில் அவர் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. சிஞ்ஞோராவின் பதில் கேட்டது.

"இல்லை, விற்கவில்லை. மெக்கானிக்கா? இதோ, வள்ளத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். பிறகு எடு, நான் நீந்தப் போகிறேன்."