நெற்றி பதிந்த ஜன்னல்

பத்தொன்பது வருடங்களாக அவர் விமானத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார், ஒருமுறைகூடப் பறந்ததில்லை. பயணிகள் இறங்கியதும் உள்ளே போய், அடுத்தவர்கள் ஏறுவதற்குள் சுத்தம் செய்துவிட்டு வெளியே வர வேண்டும். நாற்பது நிமிடம். அதில் அவர் பங்கு ஜன்னல்கள். உடன் வேலை பார்த்தவர்களுக்கு அவர் கண்ணாடி அக்கா.

ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை என்றால் கண்ணாடி அவ்வளவாக அழுக்காகாது. ஏதாவது இருந்தால் ஜனங்கள் நெற்றியையும் மூக்கையும் வைத்து அழுத்தியிருப்பார்கள். எண்ணெய்ப் பசை வட்டமாகப் படிந்திருக்கும். வெளிநாட்டில் மகள் இருக்கும் ஊரிலிருந்து பகலில் வரும் விமானத்தில் இடப்பக்கம் முழுக்க அந்த வட்டங்கள்தான். இறக்கைக்குப் பின்னால் இன்னும் அதிகம். "அந்தப் பக்கம் பனிமலை தெரியும்க்கா" என்று ஒரு பணிப்பெண் சொன்ன நாளிலிருந்து, அந்த மலையை ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

ஓய்வு பெற்ற மாதமே மகள் அழைத்தாள். கூட வருவதாகச் சொன்ன மகன் டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இடப்பக்கம், இறக்கைக்குப் பின்னாடி, ஜன்னல். தினமும் சொன்னியே, மறப்பேனா?"

அவர் வாங்கிப் பார்த்தார். "வலப்பக்கம் வேணும்டா."

"இத்தனை வருஷமா இடப்பக்கம்னுதானே உயிரை வாங்கின?"

"நான் துடைச்சது வந்த விமானத்தை. நாம போறோம். வர்றப்ப இடது கைப்பக்கம் இருக்கற கடை, போறப்ப எந்தப் பக்கம் இருக்கும்?"

மகன் தலையைச் சொறிந்தான். "அது தெரு. வானத்துல போற வழி வேற, வர்ற வழி வேறயா இருந்தா?"

அவர் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விமான நிலையத்தில் இருக்கையை மாற்றித் தரக் கேட்டார்.

"வலப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல்தாம்மா இருக்கு," என்றாள் கவுன்ட்டர் பெண். "கடைசி வரிசை, கழிவறைக்குப் பக்கத்துல. சீட் சாயாது."

"குடும்மா."

"பத்து மணி நேரம் நிமிர்ந்தே உக்காரணும்," என்றான் மகன்.

"பத்தொன்பது வருஷம் குனிஞ்சே நின்னவ நான்."

மகன் இடப்பக்க ஜன்னலைத் தானே வைத்துக்கொண்டான். "மலை வந்தா வந்து சொல்றேன்."

அவர் உட்கார்ந்ததும் பையிலிருந்து துணியை எடுத்துக் கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒருமுறை துடைத்தார். நான்கு மணி நேரம் மேகம்தான். நடுவில் மகன் எட்டிப் பார்த்தான்.

"கழிவறை நல்லா தெரியுதா?"

"போடா."

ஐந்தாவது மணி நேரத்தில் தூரத்தில் ஒரு வெள்ளை விளிம்பு தென்பட்டது. அதுவும் மேகம் என்றே முதலில் நினைத்தார். ஆனால் மேகம் கலையும், இது கலையவில்லை. கிட்ட வர வர அதற்கு முதுகு வந்தது, மடிப்பு வந்தது, மடிப்புக்குள் நீல நிழல் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, ஜன்னல் கொள்ளாமல் மலை.

இடப்பக்கத்து ஜனங்கள் எழுந்து எக்கி நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு மகன் வந்தான்.

"உன் பக்கம் என்னடா தெரியுது?"

"வெறும் மண்ணு. கொஞ்சம் தள்ளும்மா."

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து வழிவிட்டார். அம்மாவும் அரை ஜன்னலை மகனுக்குக் கொடுத்தார். அரைக்கு மேல் கொடுக்கவில்லை.

இறங்கும்போது கண்ணாடியில் இரண்டு வட்டங்கள் இருந்தன. மகன் கைக்குட்டையை நீட்டினான்.

"துடைக்கலையா?"

"வேண்டாம். இங்க துடைக்க வர்றவளுக்கும் எந்தப் பக்கம்னு தெரியட்டும்."