ஒரு தலை, இரண்டு மொட்டை

திண்டிவனத்தில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த பெண்ணின் தோளில் ஒரு குழந்தை. மொட்டைத் தலையில் பூசியிருந்த சந்தனம் வியர்வையோடு கலந்து மணம் வீசியது. என் கை தானாக என் தலைக்குப் போனது.

எட்டு வயதில் எனக்கு மஞ்சள் காமாலை. எனக்கு மொட்டை போடுவதாக அம்மா மயிலம் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். கிறிஸ்தவரான அப்பா வேளாங்கண்ணி மாதாவிடம் அதையே வேண்டியிருந்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நான் பிழைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"புள்ளைக்கு இருக்கறது ஒரு தலதானே," என்றார் அப்பா.

"நான்தான் மொதல்ல வேண்டிக்கினேன்," என்றாள் அம்மா. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

கடைசியில் மயிலத்தில் ஒரு மொட்டை. ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். முடி கொஞ்சம் வளர்ந்ததும் வேளாங்கண்ணியில் இன்னொன்று. இரண்டு இடத்திலும் அதே குளிர்ந்த சந்தனம். எனக்குத்தான் குழப்பம். என்னோடு நோயில் கிடந்த முடி முருகனுக்குப் போய்விட்டது. பிறகு முளைத்ததை மாதா கணக்கில் எடுத்துக்கொள்வாளா?

"என்னைக் காப்பாத்துனது யாரும்மா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "பேசாம சாப்புடு," என்றாள்.

இன்றுவரை எனக்குத் தெரியாது. முன் சீட்டுப் பெண்ணிடம், "எந்தக் கோயில்ல மொட்டை?" என்று கேட்டேன்.

"மயிலங்க. புள்ள ஒடம்பு முடியாம கெடந்தான், வேண்டிக்கினேன்."

"வேற யாராச்சும் வேண்டிக்கினாங்களா?"

"இல்லீங்க, நான் மட்டுந்தான்."

பக்கத்தில் இருந்த அவள் கணவர் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.