நாள் கேட்ட மாஸ்டர்

கேட்டரிங் படிப்பின் கடைசி வருடப் பயிற்சிக்குச் சிதம்பரத்தில் ஒரு சைவ ஹோட்டலை எனக்கு ஒதுக்கினார்கள். என்னோடு படித்த பெண்களுக்கெல்லாம் கடலூரிலேயே இடம் கிடைத்துவிட்டது. எனக்கு வருத்தமே இல்லை. விடியும் முன்னே எழுந்து பஸ் பிடிக்க வேண்டும், பிடித்துவிட்டுப் போகிறேன். அந்த ஹோட்டலில் இட்லிக்குக் கொத்சு ஊற்றுவார்கள். கத்தரிக்காயை வதக்கி மசித்து, வறுத்து அரைத்த பொடி போட்டுச் செய்கிற சிதம்பரம் கொத்சு. அதற்காகவே பண்ருட்டியிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதைச் செய்கிறவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும், படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய ஹோட்டலில் அடுப்பில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ரிசப்ஷனில் நின்று சிரிப்பதற்காக நான் படிக்க வரவில்லை.

அங்கே சாம்பார், சட்னி, கொத்சு எல்லாம் சரக்கு மாஸ்டர் கையில். முதல் நாள் என்னையும் என் வகுப்புப் பையனையும் மேனேஜர் அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மாஸ்டர் பையனிடம் ஊர் கேட்டார். காட்டுமன்னார்கோயில் என்றான். சரி என்று ஒரு ஏப்ரனை எடுத்துக் கொடுத்தார். என்னிடம் ஊர் கேட்கவில்லை.

“இது சுத்தமான கிச்சன், பாப்பா. மொத ஈடு இட்லி சாமிக்கு வெச்சுட்டுதான் வெளிய போவும். அந்த மூணு நாளு மட்டும் சொல்லிடணும். உள்ள வரக் கூடாது. ஹால்ல தண்ணி வெச்சிக்கிட்டு இரு.”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நாலைந்து ஆண்கள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் போனைத் தடவிக்கொண்டே, “எல்லா எடத்துலயும் இருக்கறதுதாம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்க” என்றார்.

சரி, சொல்ல மாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். என் உடம்பு, என் கணக்கு. இவரிடம் எதற்கு ஒப்பிக்க வேண்டும்?

ஆனால் மாஸ்டர் விடுகிற ஆள் இல்லை. தினமும் கிச்சன் வாசலில் கேட்பார். “என்ன பாப்பா, வரலாமா?” “வரலாம் மாஸ்டர்.” உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். என் வகுப்புப் பையன் பாதி நாள் படுக்கையிலிருந்து நேராக எழுந்து வருவான். அவனைக் குளித்தாயா என்றுகூட யாரும் கேட்டதில்லை. தோசைக் கல்லில் நிற்கிறவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு மாவை எடுப்பார். அதெல்லாம் சுத்தம். பின்கட்டில் மூன்று அக்காக்கள் பாத்திரம் தேய்த்தார்கள். சாமிக்கு வைக்கிற பொங்கல் வேகிற குண்டானும் அவர்கள் கையால் தேய்த்ததுதான். அவர்களிடம் யாரும் நாள் கேட்கவில்லை. கேட்டால் யார் தேய்ப்பது?

இரண்டாவது மாதம் ஒருநாள் மாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். “ஏம்மா, நீ வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. ஒரு தடவகூட சொல்லலியே?”

என் அம்மாகூட இப்படிக் கணக்கு வைத்ததில்லை. யாரோ ஒரு ஆள், சட்னிக்குத் தேங்காய் எண்ணுவதுபோல என் நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். “லீவு நாள்ல வந்துடுது மாஸ்டர்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனாலும் வேலை கற்றுக்கொண்டேன். ஒரு வாரம் மாஸ்டருக்குக் கால் வீங்கி, நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரத்தில் ஒருநாள் பொங்கலை என்னிடம் விட்டார். அன்று எனக்கு இரண்டாவது நாள். வயிறு சுருட்டிப் பிடிக்க, மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கிளறினேன். மிளகு, சீரகம் பொரித்துக் கொட்டி நெய் விட்டேன். மாஸ்டர் நொண்டிக்கொண்டே வந்து முதல் கரண்டியை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்துக் கும்பிட்டார். பிறகு தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். “கை நல்லா இருக்கு பாப்பா. அடுத்த வாரம் கொத்சுல கைய வெச்சுப் பாரு” என்றார். பஸ்ஸில் கடலூர் வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் இல்லை.

அந்த அடுத்த வாரம் எனக்கு வரவே இல்லை. இரண்டு நாள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், கோயிலுக்கு வந்த ஒரு டூரிஸ்ட் பஸ் மொத்தமும் சாப்பிட வந்தது. வைத்த சட்னி அப்படியே திரும்பி வந்தது. புளித்துப்போயிருந்தது. மேனேஜர் கத்திக்கொண்டே உள்ளே வந்தார். மாஸ்டர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு நேராக என்னைப் பார்த்தார்.

“வரக் கூடாதவங்க உள்ள வந்தா இப்படித்தான் ஆவும்.”

சட்னி இருந்த ஃபிரிட்ஜைப் பார்த்தேன். அதன் பிளக் பிடுங்கித் தரையில் கிடந்தது. அந்த இடத்தில் மாஸ்டரின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“மாஸ்டர், ஃபிரிட்ஜ் பிளக்க எடுத்துட்டு உங்க போனப் போட்டிருக்கீங்க.”

“அது கெடக்குது. நீ சொல்லு, இன்னிக்கு உனக்கு எத்தினியாவது நாளு?”

போன் கண்ணெதிரே இருக்கிறது, பிளக் காலடியில் கிடக்கிறது. ஆனால் மேனேஜரும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

உண்மையில் அன்று எனக்கு ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு நின்றிருந்தால் கொத்சு கிடைத்திருக்கும். இல்லை என்றுதான் ஆரம்பித்தேன். அதோடு நிறுத்த முடியவில்லை.

“இன்னிக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர். முந்தாநாள் நான் செஞ்ச பொங்கல சாமிக்கு வெச்சீங்களே, நீங்களும் சாப்பிட்டு நல்லா இருக்குன்னீங்களே, அன்னிக்குத்தான் ரெண்டாவது நாளு. அந்தப் பொங்கல் கெட்டுப்போச்சா?”

மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுப்பையெல்லாம் அணைத்தார்கள். ஹாலில் ஒரு பஸ் ஜனம் பசியோடு உட்கார்ந்திருக்க, சாமி படத்தைக் கழற்றித் துடைத்து, கிச்சன் முழுக்க மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கழுவியது யார்? அந்த மூன்று அக்காக்கள்தான். அப்போதும் அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மேனேஜர் எங்கள் கல்லூரி சாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, என்னிடம் போனைக் கொடுத்தார்.

“ஏம்மா, இதெல்லாமா வெளிய சொல்லுவாங்க?” என்றார் சார். “பேசாம வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ட்ரெயினிங் நல்லபடியா முடிஞ்சிருக்குமே.”

“மூடிக்கிட்டுதான் சார் இருந்தேன். அவுங்கதான் தினமும் கேட்டாங்க.”

சார் போனை வைத்துவிட்டார். மறுவாரம் கொத்சு அடுப்பில் என் வகுப்புப் பையன் நின்றான். நான் ஹாலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.