காரணமின்றி இறங்கினார்

கண்டி நகரில் எனக்குக் கொடுத்த சைக்கிள் பந்தயச் சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் ஆங்கிலத்தில் பேனாவால் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு: மூன்றாம் நாள், காரணமின்றி இறங்கி ஏறக்குறைய ஒரு பர்லாங்கு தூரம் நடந்தார். 'மூன்றாம் நாள்' என்பதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. 'காரணமின்றி' என்பதைப் பற்றித்தான் இவ்வளவு காலம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளில் நான் தர்மபுரியில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். சென்னையில் பட்டம் பெற்றுத் திரும்பியபோது சைக்கிள் ஓட்டும் பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தேன். நான் பிறந்தது நல்லம்பள்ளிக்கு அருகில் ஒரு சேரியில். அதே தெருவில் பிறந்த ஓர் அக்கா, உடன்பிறந்தவர் அல்லர், ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று அந்தப் பகுதிக்கு மருத்துவச்சியாக நியமனம் பெற்றிருந்தார். வத்தல்மலை அடிவாரம் வரை உள்ள ஊர்களுக்கெல்லாம் அவர் ஒருவரே. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துதான் போவார். அவர் போய்ச் சேருமுன் பிறந்துவிட்ட குழந்தைகளும் உண்டு, இறந்துவிட்ட தாய்மார்களும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து திரும்பும் நாட்களில் அவர் வாசலில் உட்கார்ந்து பாதங்களை மட்டும் தேய்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்று நான் மனு எழுதினேன். இரண்டு மனுக்களுக்குப் பதில் இல்லை. மூன்றாவதை நேரிலேயே கொண்டுபோனேன். பொறுப்பிலிருந்த அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார்.

"ஒரு நாள் ஓட்டிடலாம்மா. மறுநாள் எந்திரிச்சு நிக்க முடியுமா? இது தெனமும் ஓட்டற வேலை. மேடு பள்ளம் இருக்குது. ஒரு பொம்பளை மூணு நாள் சேர்ந்தாப்பல ஓட்டினான்னு எங்கயாச்சும் எழுத்துல இருந்தாக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்."

என்னை அனுப்பிவைப்பதற்காகவே அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்லூரியில் என்னோடு படித்துக் கண்டியில் ஆசிரியையாக இருந்த தோழி, அங்கே பெண்களுக்கான சைக்கிள் பந்தயம் ஒன்று மூன்று நாள் நடக்கப்போவதாக அந்த மாதத்தில்தான் எழுதியிருந்தாள். கொழும்பில் புறப்பட்டு முதல் நாள் கேகாலை, இரண்டாம் நாள் கண்டி, மூன்றாம் நாள் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி மீண்டும் கண்டி. ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டுமே சான்றிதழ். வெல்வது என் நோக்கமே அன்று. அந்த எழுத்துத்தான் எனக்கு வேண்டியிருந்தது.

கோடை விடுமுறைக்கு முன் தினமும் விடியலில் தொப்பூர்க் கணவாய் வரை ஓட்டிப் பழகினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பிறந்தவர்கள் ஊர்த்தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. இந்த முனையில் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, அந்த முனையில் ஏறிக்கொள்ள வேண்டும். தலைப்பாகையும் குடையுமாக ஊர்த்தெருப் பெரியவர் யாரேனும் எதிரில் வந்தால் எந்தச் சாலையிலும் இறங்க வேண்டும். பட்டம் பெற்றவள் என்பதால் எனக்கு விலக்கு இல்லை. நான் எதிர்த்து நின்றால் அதன் விளைவு என்னோடு நிற்காது, எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கு வரும் நான்கு சிறுமிகளைச் சேரும் என்று யோசித்தேன். யோசித்து யோசித்து இறங்கினேன். சில மாதங்களில் யோசிக்காமலே இறங்கினேன்.

தனுஷ்கோடியில் கப்பலேறினேன். பந்தயத்தில் நாங்கள் பதினான்கு பேர். தோட்டத்துரைமாரின் மனைவியர், ஐரோப்பியக் கலப்பில் பிறந்த பறங்கிப் பெண்கள், சிங்கள ஆசிரியைகள் மூவர். புடவை கட்டியவள் நான் ஒருத்திதான். களை எடுக்கும் பெண்களைப்போல் கொசுவத்தைப் பின்னால் இழுத்துச் செருகியிருந்தேன். முதல் நாள் தென்னந்தோப்புகளுக்கிடையே சமவெளி. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த புடவை ஈயம்போல் கனத்தது. இரண்டாம் நாள் கண்டிக்கு ஏறும் மலைச்சாலை. மணிக்கட்டுகள் வீங்கின. சாப்பிட உட்கார்ந்தால் கை சோற்றை எடுத்துக்கொண்டு வாய் வரை வர மறுத்தது. வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டினார்கள். அது யாருக்கோ என்பதுபோல் கேட்டது. இரண்டு நாளும் கடைசிக்கு முந்தியவளாக நேரத்துக்குள் வந்து சேர்ந்தேன். அக்காவின் பாதங்களை நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன் என்று சொன்னால் அது பொய். நிறுத்துவது எப்போது என்பதைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை.

மூன்றாம் நாள் முற்பகல், ஒரு தோட்டத்தின் கூலியாட்கள் குடியிருக்கும் லயன் வீடுகளைக் கடந்து ஏறும் சாலை. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடைகளோடு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளைவில் திரும்பினேன். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, விரித்த குடையுமாக ஒருவர் எதிரில் நின்றார். என் கால் தரையில் இருந்தது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலை குனிந்து, சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன்.

"ஏம்மா, காத்து எறங்கிருச்சா?" என்றாள் ஒரு பெண்.

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குத் தள்ளிக்கிட்டுப் போற? இவருக்கா? இவரு எங்களுக்குத்தான் கங்காணி. உனக்கு என்னா?"

கூடையை இறக்கி வைத்திருந்த வயதான பெண் என்னை உற்றுப் பார்த்தாள். "சேலம் பக்கமா நீ?"

"தர்மபுரிங்க."

"நெனச்சேன். எறங்குன தினுசுலயே தெரியுது. கடலத் தாண்டி வந்தும் அந்தக் காலு மாறல பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். குடைக்காரரும் சற்றுச் சிரித்து, "ஏறிப் போம்மா, மத்தவங்கல்லாம் எப்பவோ போயிட்டாங்க" என்றார்.

ஏற முயன்றேன். செங்குத்தான ஏற்றத்தில், அந்தக் கால்களோடு, நின்ற இடத்திலிருந்து மிதித்து எழும்ப முடியவில்லை. இரண்டு முறை சாய்ந்தேன். லயன் முடிந்து சாலை தணியும் இடம்வரை நடந்தே போனேன். கடைசியாக வந்துகொண்டிருந்த பெண்ணும் என்னைக் கடந்துபோனாள். அவளுக்குப் பின்னால் மேற்பார்வைக் கார் ஊர்ந்து வந்தது.

கண்டியில் நேரம் குறிக்கும் மேசையை மடக்கிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தேன். நேரம் குறித்த வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நான்கு நிமிடம் இருந்ததாகச் சொன்னார். காரில் வந்தவர் அவரிடம் ஏதோ சொன்னார். சக்கரத்தில் பழுதா என்று வெள்ளைக்காரர் என்னைக் கேட்டார், இல்லை என்றேன். உடல்நலக் குறைவா என்று கேட்டார், இல்லை என்றேன். பிறகு ஏன் என்று கேட்டார். கல்லூரியில் கற்ற ஆங்கிலம் முழுவதும் அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது. இதைச் சொல்ல அதில் ஒரு வாக்கியம் இல்லை, தேடவும் தெம்பில்லை. அவர் சான்றிதழின் அடியில் எழுதினார்.

ஊர் திரும்பி அதிகாரியிடம் சான்றிதழை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"காரணமில்லாம எறங்கினீங்கன்னு போட்டிருக்குதே?"

அவரிடம் காரணத்தைச் சொன்னேன். அவரும் ஓர் ஊர்த்தெருக்காரர்தான். "அங்கயுமா" என்று மட்டும் கேட்டார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு உத்தரவைச் சொல்லி எழுதவைத்தார். மருத்துவச்சிக்கு ஒரு சைக்கிள். வழக்கம் உள்ள தெருக்களில் அவர் இறங்கிச் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

"அந்த வரியை எடுத்துடலாமேங்க" என்றேன்.

"எடுத்தா நாளைக்கே ஊர்த்தெருக்காரங்க மனு வரும். சைக்கிளும் போகும், அந்தம்மா வேலையும் போகும். வேணும்னா சொல்லுங்க, கிழிச்சுடறேன்."

அதுவரை அந்த வழக்கம் எந்தக் காகிதத்திலும் இருந்ததில்லை. நான் கடல் கடந்து கொண்டுவந்த எழுத்தைத் தொடர்ந்து, முதன்முறையாக அதுவும் எழுத்தாகிவிட்டது. கிழிக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் யோசிக்கிறேன். அன்று அடிவாரத்து ஊர்களில் நிறைமாதமாக இருந்த பெண்களை எண்ணிப் பார்த்தேன். வாங்கிக்கொண்டேன்.

அக்கா படித்துக் காட்டச் சொன்னார். அந்த வரியையும் மறைக்காமல் படித்தேன்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? தெரிஞ்சதுதான. நீ சீமைக்கே போயி எறங்கிட்டு வந்தவ." சிரித்தார். "ஏம் புள்ள, வலி எடுத்துருச்சுன்னு ஆளு வந்து கூப்புட்டா? அப்பவும் எறங்கணும்னு போட்டிருக்குதா?"

மறுபடி படித்துப் பார்த்தேன். "அதப் பத்தி ஒண்ணும் எழுதலைக்கா."

"அப்ப அதுக்கு எறங்க மாட்டேன்."

ஒரு மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஊர்த்தெருவில் மணியடித்தபடியே போனார். யாரேனும் கேட்டால், "வலிங்க, அவசரம்" என்பார், வண்டியை நிறுத்தாமலே. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் அவர்தான் மருத்துவச்சி. மேற்கொண்டு கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. அந்த ஆண்டில் அவர் போன திசையிலெல்லாம், போன நாளிலெல்லாம், யாருக்கோ வலி எடுத்துக்கொண்டே இருந்தது.

எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கவில்லை. அவர் மணியடித்துக்கொண்டு போகும் அதே தெருவில், நான் வேலையை விடும்வரை இறங்கித்தான் போனேன்.