கீழே வை, படம் எடுக்கிறாங்க!

கல்யாண வீட்டில் வழிமறித்து "என்னையும் ஒண்ணு எடும்மா" என்று கேட்கிற அதே ஜனங்கள், கையில் கிளாஸ் இருந்தால் கேமராவைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடுவார்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பிழைக்கும் என் சகாக்களே, உங்களுக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் என் புலம்பலைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆடியும் மார்கழியும்

நான் குரோம்பேட்டைக்காரி. தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை எந்த மண்டபத்தில் கல்யாணம் என்றாலும் ஓடுவேன். ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பீரோவில் தூங்கும். வயிறு தூங்குமா? அதனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாக வந்த பகட்டான ஹோட்டலின் வேலையைப் பிடிக்க நாயாய் அலைந்தேன்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். நாசிக் பக்கத்து வைன் கம்பெனி ஒன்று அவர்கள் ரெஸ்டாரண்டில் விருந்து வைக்கிறதாம். ஹோட்டலின் பழைய வாடிக்கையாளர்கள்தான் விருந்தாளிகள். கம்பெனிக்கு வேண்டியது ஒரே ஒரு படம்: எல்லோரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். அது நன்றாக வந்தால் இனி ஹோட்டலின் எல்லா விருந்தும் எனக்கே. வராவிட்டால்? மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வரலைன்னா நீங்க வழக்கம்போல மண்டபத்துக்கே போயிடலாம் மேடம்."

சாம்பிள்

விருந்தை நடத்த அந்தக் கம்பெனியிலிருந்து மேக்னா என்ற பெண் வந்திருந்தாள். கிளாஸில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றச் சொல்லி, "சுழற்றுங்கள், முகருங்கள், மாங்காய் வாசனை வரும், மழை பெய்த மண் வாசனை வரும்" என்று ஆங்கிலத்தில் உருகினாள். எல்லோரும் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி பயபக்தியோடு மூக்கை நுழைத்தார்கள். முன் மேஜைக்காரர் ஒருவர் மட்டும் கிளாஸை ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "சாம்பிள் நல்லாத்தாங்க இருக்கு, மெயின் எப்ப வரும்?"

மாயமான கிளாஸ்கள்

அதே மேஜையில் சீனிவாசன் சார் இருந்தார். ரிட்டயரான பேங்க் அதிகாரி. போன வருஷம் அவருடைய அறுபதாம் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். என்னைக் கண்டதும் அந்த ஏசியிலும் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. "வீட்ல திருநீர்மலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்மா" என்றார் ரகசியமாக. போயும் போயும் பெருமாளையா சாட்சிக்கு இழுப்பது!

"எல்லாரும் கிளாஸைத் தூக்குங்க" என்று மேக்னா சொல்ல, நான் கேமராவைத் தூக்கினேன். அடடா, அந்த வித்தையைப் பார்க்க வேண்டுமே! ஒரு கிளாஸ் மேஜைக்குக் கீழே போனது. ஒன்று நாப்கினுக்குப் பின்னால் ஒளிந்தது. ஒரு அம்மா தன் கிளாஸைக் கணவர் பக்கம் தள்ள, அவர் பக்கத்து ஆள் பக்கம் தள்ளினார். அத்தனை பேரும் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் மாதிரி கை கட்டிச் சிரித்தார்கள். திரும்பத் திரும்ப எடுத்தேன், திரும்பத் திரும்ப அதே கூத்து. மேக்னாவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எனக்கோ பிழைப்பே போகிறதே! சீனிவாசன் சார் கும்பிட்டார்: "மூஞ்சி மட்டும் வேண்டாம்மா, உனக்குக் கோடி புண்ணியம்."

கை மட்டும்

மூஞ்சிதானே வேண்டாம்? மருதாணி போட்ட கையைக் கல்யாணங்களில் எத்தனை எடுத்திருக்கிறேன்! "முகம் வராது, கிளாஸோட கையை மட்டும் நடுவில் நீட்டுங்க" என்றேன். அவ்வளவுதான், அதுவரை ஒளிந்திருந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். வாட்ச் கட்டிய கை, வளையல் கை, கோயில் கயிறு கட்டிய கை என்று சிவப்பு வைனைச் சுற்றி ஒரே கைக்கூட்டம். அழகான படம், நானே சொல்லிக்கொள்கிறேன். மேக்னா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேனேஜர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசமும் நீங்கதான் மேடம்."

மோதிரம்

மறுநாள் கம்பெனி அந்தப் படத்தை இணையத்தில் போட்டது. மத்தியானம் சீனிவாசன் சாரின் மனைவி ராஜலட்சுமி அம்மாவிடமிருந்து போன். "எங்க காலனி குரூப்ல ஒரு படம் வந்திருக்கு, எடுத்தது நீதான்னு கீழே பேர் போட்டிருக்கு. அதுல நவரத்தின மோதிரம் போட்ட கை எங்க வீட்டுக்காரரோடது" என்றார்.

"அந்த மாதிரி மோதிரம் எத்தனையோ பேர் போட்டிருக்காங்கம்மா" என்று சமாளித்தேன்.

"அறுபதாம் கல்யாணத்தன்னிக்கு நான் போட்டுவிட்ட மோதிரம்மா அது. நீதானே குளோசப் எடுத்துப் பெரிசு பண்ணிக் குடுத்தே? ஹால்ல மாட்டி, தினம் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் காபி குடிக்கிறேன்."

செத்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். ஆனால் அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. எனக்கே மனசு கேட்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "குடிச்சது போகட்டும்மா. பக்கத்துல வளையல் போட்ட கையெல்லாம் இருக்கே, அவங்கவங்க பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்திருக்காங்க. கூப்பிட்டிருந்தா நான் வரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

இப்போதெல்லாம் விருந்துக்கு ஆளை அழைக்கும்போதே "வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லும்படி ஹோட்டலில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லைட்டைவிட அதுதான் படத்துக்கு முக்கியம் என்பது அடுத்த மாத விருந்துக்குச் சாரோடு வந்த ராஜலட்சுமி அம்மா கிளாஸைத் தூக்கிப் பிடித்து, "மூஞ்சி நல்லா விழற மாதிரி எடும்மா" என்றபோது நிச்சயமாகிவிட்டது.