மார்க்கர் மாஸ்டர்

காரைக்குடியில் எனக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தந்த மாஸ்டர் என்னைவிட இளையவர், கஞ்சி போட்ட சட்டைக்காரர். சின்னப் பிள்ளையைக்கூட 'சாப்பிட்டீகளா' என்று கேட்கிற ஊரில், எங்களையெல்லாம் 'ஏய், நீ' என்பார். யாரையும் பேசி முடிக்க விடமாட்டார். மார்க்கரால் மேசையில் தட்டி நிறுத்திவிடுவார்.

அன்று, திமிர் பிடித்து அடுத்தவரை ஆட்டிவைப்பவர்களைச் சொல்லும் வார்த்தைகளைப் போர்டில் எழுதினார்: அராகன்ட், பாஸி, டாமினியரிங். ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். பக்கத்திலிருந்த, கல்லல் ஊரிலிருந்து வரும் அக்கா தன் மாமியாரைப் பற்றித் திக்கித் திக்கித் தொடங்கினார்.

மார்க்கர் தட்டியது. "வாயில என்ன கொழுக்கட்டையா? உக்காரு!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "யூ ஆர் அராகன்ட், சார்" என்றேன்.

மார்க்கர் தட்டவில்லை.

"வாக்கியம் சரி. நீங்க வெளிய போகலாம்."

துரத்தும்போது மட்டும் எங்கிருந்து வந்தது அந்த 'நீங்க'? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.