பஞ்சு உருண்டைப் படிகங்கள்

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவள் பெயர் ‘சர்க்கரை அக்கா’. சிறுநீரில் இருப்பது எந்தச் சர்க்கரை என்று படிகம் வளர்த்துச் சொல்வாள். மருந்து கலந்த டியூபைக் கொதிநீரில் வைத்துவிட்டுத் தானாக ஆற விடவேண்டும். நோயின் சர்க்கரையென்றால் சூட்டிலேயே துடைப்பம் போல ஊசிகள் முளைக்கும். பால் கொடுக்கும் தாயின் உடம்பில் சுரக்கும் பால் சர்க்கரையோ மெல்ல ஆறினால்தான் பஞ்சு உருண்டைகளாகத் திரளும்.

“குழந்தைய மாதிரி தூங்க விடணும்டி. ஆட்டினா கெட்டுது!” என்று கூட வேலை செய்பவளைச் சீண்டுவாள்.

அப்படிப்பட்டவள்தான், ஒரு மாதக் குழந்தைக்குத் தாயான தம்பி மனைவியின் இரண்டு டியூப்களில் ஒன்றை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பச்சைத் தண்ணீரில் காட்டிச் சட்டென்று ஆற்றினாள். நுண்ணோக்கியில் நொறுங்கிய ஊசிகள். ‘சர்க்கரை நோய்’ என்று எழுதிவிட்டாள்.

“நோய்க்காரி பால் பிள்ளைக்கு எதுக்கு? நிறுத்து!” என்றாள் சர்க்கரை அக்காவின் அம்மா. புட்டி வந்தது.

மறுநாள் காலை, டியூப்களைக் கழுவும்போது, தானாக ஆறியிருந்த இரண்டாவதைப் பார்த்தாள். பஞ்சு உருண்டைகள்! வெறும் பால் சர்க்கரை.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடத்தில் அவள் அறிக்கை ஒன்றுகூடத் தப்பானதில்லையே! அந்தப் பாழும் பெருமை வாயைக் கட்டிப்போட்டது. நாளைக்கு, நாளைக்கு என்றே இருபது நாள் ஓடிவிட்டது.

கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள்.

“எனக்கு நோயே இல்லையா அண்ணி?” தம்பி மனைவி சிரித்தேவிட்டாள். “நல்லா பயமுறுத்தினீங்க போங்க!” என்று குழந்தையை வாரி மார்போடு அணைத்தாள்.

குழந்தை இரண்டு முறை சப்பியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. மறுபக்கம் மாற்றினாள். அங்கேயும் ஒரு சொட்டுப் பால் இல்லை.

அவள் சிரிப்பு மெல்ல வடிந்தது.

“உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?”

“மறுநாளே...”

தம்பி மனைவி திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தாலாவது சர்க்கரை அக்காவின் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

“அந்தப் புட்டிய எடுங்க. பிள்ளைக்குப் பசிக்குது.”